பிறருக்காக மெதுவாய் ஓடுகிறவர்கள்

பந்தயம் என்றதும் நம் நினைவுக்கு வருவது முதலில் வருகிறவர்தான். திருத்தூதர் பவுலும் கொரிந்தியருக்கு எழுதியபோது, ஓடுகிறவர்கள் பலராய் இருந்தாலும் பரிசு பெறுகிறவர் ஒருவரே என்ற உண்மையிலிருந்துதான் தம் அறிவுரையைத் தொடங்குகிறார் (1 கொரி 9:24). ஆனால் இன்று நம் ஊர்ச் சாலைகளில் நடக்கும் மாரத்தான் ஓட்டங்களில், பரிசுக்காக ஓடாத ஒருவர் இருக்கிறார். அவரால் இன்னும் வேகமாக ஓட முடியும், ஆனால் ஓடமாட்டார். அவர் கையில் ஒரு சிறு கொடி இருக்கும். அதில் '2:15' என்றோ '2:30' என்றோ ஒரு நேரம் எழுதியிருக்கும். அவரைச் சுற்றி இருபது முப்பது பேர் ஓடுவார்கள். அவரைப் 'பேஸர்' என்று அழைக்கிறார்கள். ஒரு குழுவுக்கு வேகம் காட்டி, சொன்ன நேரத்தில் எல்லைக்கோட்டுக்கு அழைத்துச் செல்லும் தன்னார்வத் தொண்டர் அவர்.

இந்தத் தொண்டு என்ன, எப்படிச் செய்யப்படுகிறது, இதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்று சற்று சிந்திப்போம்.

கோவையின் ஓட்டம்

கோவை மாரத்தான் 2013-ஆம் ஆண்டு தொடங்கியது. கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளையின் பணிகளுக்கு நிதி திரட்டுவதும், புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வை மக்களிடம் கொண்டுசெல்வதும் இதன் நோக்கம். தொடக்க ஆண்டுகளில் அக்டோபர் மாதத்தில் நடந்தது. அண்மை ஆண்டுகளில் டிசம்பர் மாதத்தில், நாம் திருவருகைக் காலத்தில் இருக்கும்போது நடைபெறுகிறது. 21.1 கி.மீ., 10 கி.மீ., 5 கி.மீ. என மூன்று தொலைவுகள் உண்டு. 21.1 கி.மீ. என்பது அரை மாரத்தான். முழு மாரத்தான் 42.195 கி.மீ.; 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய இந்தத் தொலைவு 1921-இல் உலகம் முழுவதற்குமான அளவாக ஏற்கப்பட்டது.

இந்த ஓட்டத்தில் கலந்துகொள்கிறவர்களில் மிகச் சிலரே பரிசை எண்ணி வருகிறார்கள். மற்றவர்கள் யார்? பனியன் கம்பெனியில் மேலாளராக இருப்பவர், பள்ளி ஆசிரியை, சர்க்கரை நோய் என்று மருத்துவர் எச்சரித்தபின் நடக்கத் தொடங்கிய ஐம்பது வயதுக்காரர், புற்றுநோயில் தாயை இழந்த மகள், அதே நோயிலிருந்து மீண்டு வந்தவர். இவர்களுக்கு 21 கி.மீ. என்பது வேடிக்கை அல்ல. 'என்னால் முடிக்க முடியுமா?' என்ற கேள்வியோடுதான் விடியுமுன் இருட்டில் வந்து நிற்கிறார்கள். பேஸர் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

அனுபவமில்லாதவர் எங்கே தவறுகிறார்?

நெடுந்தூரம் ஓடப் புதிதாக வருகிறவரை வீழ்த்துவது பெரும்பாலும் கடைசி கிலோமீட்டர் அல்ல, முதல் கிலோமீட்டர்தான். மேளச் சத்தம், கூட்டம், அதிகாலைக் குளிர், பல வாரப் பயிற்சியால் வந்த தெம்பு எல்லாம் சேர்ந்து கால்களை இழுத்துக்கொண்டு போகின்றன. பக்கத்தில் இருப்பவர் வேகமாகப் போவதால் இவரும் போகிறார். அப்போது ஒன்றும் தெரியாது. உடல் அதற்கான கணக்கைப் பின்னால் கேட்கும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒருவர் தமக்கு ஏற்ற வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 20 நொடி வேகமாக முதல் 5 கிலோமீட்டரை ஓடினால், அவர் மிச்சம் பிடிப்பது 100 நொடி. அதாவது 2 நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த அவசரத்தால் களைத்துப்போய், கடைசி 6 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் பின்தங்கினால் இழப்பது 6 நிமிடம். சேர்த்தது ஒன்றரை நிமிடம், செலவழித்தது ஆறு நிமிடம். இடையில் தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல், மனச்சோர்வு. பலர் இந்த இடத்தில்தான் 'எனக்கு இது ஒத்துவராது' என்று முடிவுசெய்து, மறுபடி ஓடவே வருவதில்லை.

முதல் கிலோமீட்டரில் உங்களைத் தடுத்து நிறுத்துவதுதான் பேஸர் செய்யும் முதல் உதவி. "மெதுவாங்க, மெதுவாங்க, இன்னும் நெறைய தூரம் இருக்குதுங்க" என்று அவர் சொல்லும்போது பலருக்கு எரிச்சல்கூட வரும். பதினைந்தாவது கிலோமீட்டரில் அந்தச் சொல்லின் அருமை தெரியும்.

இரண்டு வகையான பேஸர்கள்

ஓட்ட உலகில் பேஸர் என்ற சொல் இரண்டு வகையினரைக் குறிக்கிறது. முதல் வகையினர் சாதனைக்காக நியமிக்கப்படுகிறவர்கள். 1954 மே 6 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் என்ற மருத்துவ மாணவர், ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் ஆனார். அவரது நேரம் 3 நிமிடம் 59.4 நொடி. அன்று அவருக்கு முன்னால் ஓடி வேகம் காட்டியவர்கள் அவருடைய நண்பர்கள் இருவர்: முதலில் கிறிஸ் பிராஷர், பின்னர் கிறிஸ் சாட்டவே. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னா நகரில் கென்யாவின் எலியுட் கிப்சோகே, முழு மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் கடந்தபோது, 41 பேர் முறை மாற்றி முறை மாற்றி அவருக்கு வேகம் காட்டினார்கள். அப்படி ஆள் மாற்றி ஓடியதும் ஒரு காரணமாக, அது அதிகாரப்பூர்வ உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. ஆயினும் ஒரு மனிதரின் வெற்றிக்குப் பின்னால் எத்தனை பேரின் கால்கள் உழைத்தன என்பதை உலகமே பார்த்தது.

கிறிஸ் பிராஷரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. நண்பனுக்காக முன்னால் ஓடிய அவர், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தடைதாண்டும் நெடு ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். பின்னர் 1981-இல் ஜான் டிஸ்லி என்பவரோடு சேர்ந்து லண்டன் மாரத்தானைத் தொடங்கினார். சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கில் ஓடும் உலகின் பெரிய ஓட்டங்களில் ஒன்று அது. ஒருவருக்காக ஓடியவர் பிறகு பல்லாயிரம் பேர் ஓட வழி செய்தார்.

இரண்டாம் வகையினர்தான் நாம் பேசும் குழு பேஸர்கள். சாதனைக்காக ஓடுகிற பேஸர் பாதி வழியில் விலகிக்கொள்ளலாம். அவர் வேலை அதோடு முடிந்தது. குழு பேஸர் விலக முடியாது. கடைசிவரை ஓட வேண்டும். அதுவும் சொன்ன நேரத்துக்கு. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடந்துவரும் காம்ரேட்ஸ் என்ற ஏறக்குறைய 90 கி.மீ. ஓட்டத்தில் இத்தகைய குழுக்களை 'பஸ்' என்றும், பேஸரை 'பஸ் டிரைவர்' என்றும் அழைக்கிறார்கள். அழகான பெயர். பஸ்ஸில் ஏறியவர் வழியைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் டிரைவர் கவலைப்பட்டே ஆகவேண்டும்.

யார் பேஸர் ஆகலாம்?

பேஸர் ஆவதற்கு மிக வேகமாக ஓடத் தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 3 மணி நேரத்தில் முடிக்கிறவர்களுக்கும் ஒரு பேஸர் தேவை. வேண்டியது வேறு தகுதிகள்.

முதலாவது, அந்தத் தூரத்தைப் பலமுறை ஓடி முடித்திருக்க வேண்டும். இரண்டாவது, தாம் ஏற்கும் நேரத்தைவிடக் குறைந்தது 15 நிமிடமாவது முன்னதாக அரை மாரத்தானை முடிக்கக் கூடியவராக இருக்க வேண்டும். 2 மணி 30 நிமிடக் கொடியை ஏந்துகிறவர் தம்மளவில் 2 மணி 10 நிமிடத்திலோ 2 மணி 15 நிமிடத்திலோ முடிக்கக் கூடியவராக இருந்தால்தான், ஓடிக்கொண்டே பேசவும், திரும்பிப் பார்க்கவும், பிறரைத் தேற்றவும் அவரிடம் மூச்சு மீதமிருக்கும். தம் முழு வலிமையையும் தமக்கே செலவழிக்கிறவரால் பிறரைக் கவனிக்க முடியாது. மூன்றாவது, சீராக ஓடும் பழக்கம். ஒரு கிலோமீட்டர் பறந்து, அடுத்த கிலோமீட்டர் தளர்ந்து, கடைசியில் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தால் அது பேஸரின் ஓட்டம் ஆகாது. அவரோடு வந்தவர்கள் அதற்குள் உதிர்ந்துபோயிருப்பார்கள்.

இதற்கெல்லாம் பணம் கொடுப்பதில்லை. ஊரில் உள்ள ஓட்டக் குழுக்களில் பயிற்சி பெற்றவர்கள் தாமாக முன்வந்து பெயர் கொடுக்கிறார்கள். பல வாரங்களுக்கு முன்பே, தாம் ஏற்ற வேகத்தில் மட்டும் ஓடிப் பழகுகிறார்கள். ரேஸ் கோர்ஸ் நடைபாதையைக் கோவைக்காரர் அனைவரும் அறிவர். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். கடிகாரம் பார்க்காமல் சுற்றிவிட்டு, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பிறகு பார்த்தால், தம் கால்களுக்கு வேகம் பழகிவிட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கணக்கும் கடிகாரமும்

அரை மாரத்தானை 2 மணி 30 நிமிடத்தில் முடிக்க, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 நிமிடம் 7 நொடி ஆகவேண்டும். அப்படியானால் 5 கி.மீ. பலகையை 35 நிமிடம் 33 நொடியிலும், 10 கி.மீ. பலகையை 1 மணி 11 நிமிடத்திலும், 15 கி.மீ. பலகையை 1 மணி 46 நிமிடம் 40 நொடியிலும், 20 கி.மீ. பலகையை 1 மணி 22 நிமிடத்துக்குச் சரியாக ஒரு மணி கூட்டி, 2 மணி 22 நிமிடத்திலும் கடக்க வேண்டும். இந்த நேரங்களை ஒரு காகிதப் பட்டையில் எழுதி மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள்.

'கையில்தான் நல்ல ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறதே, அது சொல்லாதா?' என்று கேட்கலாம். இங்கேதான் அனுபவம் தேவைப்படுகிறது. பந்தயப் பாதையை அளக்கிறவர்கள் வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டை அளப்பார்கள். ஓடுகிறவர்களோ கூட்டத்தில் விலகி விலகி, தண்ணீர் மேசைக்குச் சென்று, வளைவில் வெளிப்பக்கம் சுற்றி ஓடுகிறார்கள். அதனால் முடிக்கும்போது கடிகாரம் 21.1 கி.மீ.க்குப் பதில் 21.3, 21.4 என்று காட்டுவது வழக்கம். கடிகாரத்தை மட்டும் நம்பி 7:07 என்ற வேகத்தில் ஓடும் பேஸர், 21.4 கி.மீ. ஓடி முடிக்கும்போது 2 மணி 32 நிமிடத்தைத் தாண்டியிருப்பார். அவரை நம்பி வந்தவர்களின் இலக்கு கண்ணெதிரே தவறிப்போகும். ஆகவே நல்ல பேஸர் சாலையோரத்துக் கிலோமீட்டர் பலகைகளையே நம்புகிறார். கிலோமீட்டருக்கு சில நொடிகள் முன்னதாகவே வைத்துக்கொள்கிறார்.

இன்னொன்று: துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தொடக்கக் கோட்டைக் கடப்பதில்லை. பின்வரிசையில் நிற்பவர் கோட்டுக்கு வரவே ஓரிரு நிமிடம் ஆகும். எண் அட்டையோடு உள்ள சிப், அவர் கோட்டைத் தொட்ட நொடியிலிருந்துதான் அவருக்கு நேரம் கணக்கிடும். பேஸர் எந்தக் கணக்கின்படி ஓடுகிறார் என்பதைத் தொடக்கத்திலேயே குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஓடும்போது என்ன செய்கிறார்?

தொடங்குமுன் கொடியைத் தூக்கிப் பிடித்துத் தம் பெயரையும் நேரத்தையும் சொல்கிறார். முதன்முறை ஓடுகிறவர் யார் என்று கேட்டு, அவர்களைத் தமக்கு அருகில் வைத்துக்கொள்கிறார். எந்த முறையில் ஓடப்போகிறோம் என்று விளக்குகிறார். சிலர் நிற்காமல் சீராக ஓடுவார்கள். சிலர் சில நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செல்வார்கள். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் கேலோவே என்பவர் பரப்பிய முறை இது. நடப்பது தோல்வி என்று எண்ணியிருந்த ஆயிரக்கணக்கானோர் இந்த முறையால் மாரத்தானை முடித்திருக்கிறார்கள்.

ஓடும்போது அவர் ஓயாமல் பேசுவது வெறும் உற்சாகப் பேச்சு அல்ல. "அக்கா, நீங்க எந்த ஊருங்க? சூலூருங்களா?" என்று கேட்கிறார். பதில் முழு வாக்கியமாக வந்தால் அவரது மூச்சு சரியாக இருக்கிறது. ஒற்றைச் சொல்லில் வந்தால் சிரமப்படுகிறார் என்று பொருள். "தோள இறக்கி விடுங்க, கைய இறுக்காதீங்க" என்கிறார். தண்ணீர் மேசை வருவதற்கு முன்பே சொல்லி வைக்கிறார். குடித்து முடித்ததும் இழந்த நொடிகளை ஒரேயடியாகப் பிடிக்க ஓடாமல், அடுத்த அரைக் கிலோமீட்டரில் சிறிது சிறிதாகப் பிடிக்கிறார். மேம்பாலம் வந்தால் ஏறும்போது வேகத்தைக் குறைத்து, இறங்கும்போது ஈடுகட்டுகிறார்.

கடைசி இரண்டு கிலோமீட்டரில் அவர் சொல்வது வேறு: "தெம்பு இருக்கறவங்க என்னையத் தாண்டிப் போங்க!" தம்மைத் தாண்டிச் செல்கிறவர்களைப் பார்த்து மகிழ்கிற தலைவர் அவர். எத்தனை பேர் தம்மைக் கடந்து போனார்கள் என்பதுதான் அவருடைய வெற்றி.

யாக்கோபின் பதில்

விவிலியத்தில் பேஸர் உண்டா? தொடக்கநூல் 33-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். பல ஆண்டுப் பகைக்குப்பின் யாக்கோபும் ஏசாவும் தழுவிக்கொள்கிறார்கள். 'வா, சேர்ந்தே பயணம் செய்வோம்' என்கிறார் ஏசா. அவரோடு நானூறு ஆண்கள். யாக்கோபோடு இருப்பவர்களோ சிறு பிள்ளைகளும், பால் கொடுக்கும் ஆடுமாடுகளும். ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துவிடும் என்கிறார் யாக்கோபு. அண்ணனை முன்னே போகச் சொல்லிவிட்டு, தாம் கால்நடைகளின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்ப மெல்ல வருவதாகச் சொல்கிறார்.

கொங்குச் சீமையில் மாடு பழக்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பழகாத காளையைத் தனியே ஏரில் பூட்டமாட்டார்கள். பழகின காளையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். பழகினது தன் வலிமையைக் காட்டி இழுத்தால் இளங்காளை கழுத்துப் புண்ணாகிப் படுத்துவிடும். அது தன் நடையை அடக்கினால்தான் இளையது உழவு கற்கும்.

எம்மாவுக்குச் சென்ற சீடர்களோடு உயிர்த்த ஆண்டவர் நடந்ததும் இப்படித்தான் (லூக்கா 24:13-35). எருசலேமிலிருந்து அந்த ஊர் ஏறக்குறைய 11 கி.மீ. அவர் அவர்கள் முன் தோன்றி வழிமறிக்கவில்லை. சோர்ந்து நடந்தவர்களோடு அவர்களது நடையிலேயே நடந்து, முதலில் கேள்வி கேட்டு, அவர்களைப் பேசவிட்டார். நடந்து களைத்த அதே கால்கள் அன்றிரவே எருசலேமுக்குத் திரும்பி விரைந்தன.

ஒருவர் பின்தங்கினால்?

இனி வருவதுதான் பேஸரின் மனத்தை உறுத்தும் கேள்வி. பதினாறாவது கிலோமீட்டரில் ஒருவர் பின்தங்குகிறார். இத்தனை நேரம் பேசிக்கொண்டு கூடவே வந்தவர். கண்ணாலேயே 'நில்லுங்கள்' என்று கேட்கிறார். பேஸர் நிற்கலாமா?

நல்ல ஆயன் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்றார் (லூக்கா 15:4). அப்படியானால் நிற்கத்தானே வேண்டும்? ஆனால் பேஸருக்குத் தரப்படும் அறிவுரை நிற்காதே என்பதுதான். அவர் கையில் இருக்கும் கொடி ஒரு வாக்குறுதி. முன்னே ஓடும் இருபது பேர் அந்த எண்ணை நம்பித்தான் தங்கள் மூச்சை அளந்து செலவழித்திருக்கிறார்கள். ஒருவருக்காக அவர் மெதுவாக்கினால் இருபது பேருக்குத் தந்த வாக்கு பொய்யாகும்.

இது கல்மனம் ஆகாதா? ஆகாது. ஏனெனில் அவர் தனி ஆள் அல்ல. 2:15 கொடிக்குப் பின்னால் 2:30 கொடி வருகிறது. அதற்குப் பின்னால் 2:45, அதற்கும் பின்னால் 3 மணிக் கொடி. எல்லாருக்கும் கடைசியில், ஒருவரையும் தவறவிடாமல் கூட்டிவரும் தொண்டர்களும் ஆம்புலன்சும். ஆகவே அவர் சொல்கிறார்: "அண்ணா, நீங்க தோக்கலைங்க. கொஞ்ச தூரம் நடங்க. பின்னால அடுத்த கொடி வருது, அதோட சேர்ந்துக்கங்க." ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஒப்படைக்கிறார். யாரும் கைவிடப்படுவதில்லை, ஆனால் ஒவ்வொருவரும் எல்லாரையும் சுமக்க வேண்டியதும் இல்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. பின்தங்கியவர் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், நெஞ்சைப் பிடித்தால், அப்போது நேரமும் கொடியும் ஒன்றுமில்லை. உயிரே முதன்மை. உடனே நின்று மருத்துவக் குழுவை அழைத்து, அவர்கள் வரும்வரை உடன் இருக்க வேண்டும். இதற்காகவே பல ஓட்டங்களில் ஒரு நேரத்துக்கு இரண்டு பேஸர்களை நியமிக்கிறார்கள். ஒருவர் நின்றால் மற்றவர் கொடியை ஏந்திச் செல்வார். இயேசு தம் சீடரை இருவர் இருவராக அனுப்பியதன் (மாற்கு 6:7) ஞானம் இங்கேயும் தெரிகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற ஏட்டில், ஓர் ஆயர் சில வேளைகளில் மக்களுக்கு முன்னே சென்று வழிகாட்டவும், சில வேளைகளில் அவர்கள் நடுவே இருக்கவும், சில வேளைகளில் பின்தங்கியவர்களுக்கு உதவ அவர்களுக்குப் பின்னே வரவும் வேண்டும் என்று குறிப்பிட்டார் (எண் 31). ஒரே மனிதர் ஒரே நேரத்தில் மூன்று இடத்திலும் இருக்க முடியாது. ஆனால் ஒரு திருக்கூட்டத்தால் முடியும். 2021 முதல் 2024 வரை திருஅவை முழுவதும் சிந்தித்த 'இணைந்து பயணித்தல்' என்பதன் நடைமுறைப் பொருளும் இதுதான்.

இன்னும் நெருக்கமாக ஓடுகிறவர்களும் உண்டு. பார்வையற்ற வீரரோடு ஓடும் வழிகாட்டி, ஒரு சிறு கயிற்றின் ஒரு முனையைத் தாமும் மறுமுனையை அவரும் பிடித்தபடி, அடிக்கு அடி ஒத்து ஓடுகிறார். அவர் இழுக்கக் கூடாது, தள்ளவும் கூடாது. எல்லைக்கோட்டைத் தாம் முதலில் தொடவும் கூடாது. பாராலிம்பிக் ஓட்டங்களில் வெற்றி பெற்ற வீரரோடு ஓடிய வழிகாட்டிக்கும் பதக்கம் அணிவிக்கிறார்கள்.

நம் பங்குகளுக்கு

நம் பங்கு இளைஞர்களில் ஓட்டப் பழக்கம் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். ஓரிரண்டு அரை மாரத்தான்களை நல்லபடி முடித்தவர்கள், இனி தங்கள் நேரத்தில் இரண்டு நிமிடம் குறைப்பதை மட்டும் எண்ணாமல், ஒருமுறை கொடியை ஏந்திப் பார்க்கலாம். ஓட்டம் ஞாயிறு காலையில் நடக்கிறதே என்ற தயக்கம் வேண்டாம். முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறுகிறது (திருஅவைச் சட்டம், எண் 1248). மாலைத் திருப்பலிக்குச் சென்று, சீக்கிரம் உறங்கி, அதிகாலையில் எழுவது ஓடுகிறவருக்கு உடலுக்கும் நல்லது.

ஓட முடியாதவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. தண்ணீர் மேசையில் நிற்கலாம். வழியோரம் நின்று கை தட்டலாம். அன்பியத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து காலையில் நடக்கத் தொடங்கலாம். அதில் யார் நடை மெதுவோ அவர் நடையே எல்லாருக்கும் நடை என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் மூட்டுவலியால் மெல்ல நடக்கும் பாட்டி இருக்கிறார். கணக்குப் பாடம் மெதுவாக ஏறும் பிள்ளை இருக்கிறான். கீமோ சிகிச்சை முடிந்து, வாசல்வரை நடப்பதையே பெரிய காரியமாகச் செய்யும் ஒரு சகோதரி நம் தெருவில் இருக்கலாம். அவர்களிடம் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று சொல்ல நிறையப் பேர் உண்டு.

சிந்திக்க:

என் வேகத்தைக் குறைத்தால் மட்டுமே என்னோடு வர முடிந்தவர் யார்?

நான் கொடுத்த எந்த வாக்கை நம்பி யார் என் பின்னே வருகிறார்கள்?

என்னால் சுமக்க முடியாதவரை, 'போ' என்று விட்டுவிடுகிறேனா, அடுத்தவர் கையில் ஒப்படைக்கிறேனா?

அடுத்த முறை கோவைச் சாலையில் விடியற்காலையில் கொடி ஏந்தி ஒருவர் ஓடிவருவதைக் கண்டால், அவர் பின்னால் வருகிறவர்களின் முகங்களையும் பாருங்கள். அவருடைய பரிசு அந்த முகங்களில் இருக்கிறது.